‘25 சதவீதம்’ என்ற எண்ணும் பெருந்தொற்றுக் கால மனங்களும்

கொரோனாப் பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் உலக அளவில் 25 சதவீதம் கூடிவிட்டன என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச் 2 அன்று வெளியிட்ட ஓர் அறிவியல் சுருக்கத்தில் அறிவித்தது. பெருந்தொற்று மனிதர்களின் மனத்தை என்ன செய்தது என்று யாராவது கேட்டால் இன்றுவரை பதிலாகச் சொல்லப்படுவது இந்த எண்தான். எளிதில் நினைவில் நிற்கிறது, தலைப்புக்கும் பொருந்துகிறது. ஆனால் இது யாரிடம் கேட்டுப் பெற்ற எண் என்று தேடிப் போனால், பெருந்தொற்றின் மிகக் கொடிய நாட்களைச் சந்தித்த பல நாடுகளின் குரல் இதற்குள் நேரடியாக இடம்பெறவே இல்லை என்பது தெரியவரும்.

இந்த அறிவிப்புக்கு முக்கிய அடிப்படையாக இருந்தது, 2021 அக்டோபரில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 5.32 கோடிப் பேர் கூடுதலாகக் கடும் மனச்சோர்வுக்கும், 7.62 கோடிப் பேர் கூடுதலாகப் பதற்றக் கோளாறுக்கும் ஆளானதாக அது கணக்கிட்டது. கணக்கு 204 நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் உரியது. அதற்குக் கிடைத்த தரமான தரவுத் தொகுதிகளோ வெறும் 48. அவற்றிலும் பெரும்பாலானவை மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. தரவு இல்லாத நாடுகளுக்கு, அங்கே தொற்று எவ்வளவு வேகமாகப் பரவியது, மக்களின் நடமாட்டம் எவ்வளவு குறைந்தது என்ற இரண்டு அளவுகளைக் கொண்டு மதிப்பீடு செய்தார்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. ஏழை நாடுகளிலிருந்து நம்பகமான தரவு மிகக் குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் இந்த முறைக்குள் ஒரு பெரிய ஊகம் ஒளிந்திருக்கிறது. மாதச் சம்பளம் நிற்காமல் வந்துகொண்டிருக்க வீட்டிலிருந்தே வேலை செய்தவரின் நடமாட்டமும் குறைந்தது. அன்றாடக் கூலி நின்றுபோய் அடுத்த வேளைக்கு வழி தெரியாமல் ஒற்றை அறைக்குள் முடங்கியவரின் நடமாட்டமும் குறைந்தது. நடமாட்டத்தை அளக்கும் கணக்கில் இருவரும் ஒன்றுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்புக்கு ஓராண்டு கழித்து, 2023 மார்ச்சில், ‘பி.எம்.ஜே’ என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த மற்றோர் ஆய்வுத் தொகுப்பு ஏறத்தாழ எதிர்த் திசையில் பேசியது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் தாம்ப்ஸ் குழுவினர், பெருந்தொற்றுக்கு முன்பும் அதன்போதும் அதே மக்கள் தொகுதிகளை அளந்த 137 ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பொதுவான மனநலத்திலும் பதற்றத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. மனச்சோர்வு மிகச் சிறிதளவே கூடியிருந்தது. பெண்களிடம் மட்டும் எல்லா அளவுகளிலும் நிலை சிறிதளவு மோசமாகியிருந்தது. இந்த ஆய்வு வெளிவந்ததும், ஊரடங்கு முடக்கத்தின் மனநலக் கேடு பற்றிய பேச்செல்லாம் மிகைப்படுத்தல் என்று ஒரு சாரார் முடிவுகட்டினர்.

இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. சராசரி என்பது கூடியதையும் குறைந்ததையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கும் பாத்திரம். பள்ளியில் தினமும் கேலிக்கு ஆளான மாணவனுக்கும், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போய்வந்தவருக்கும் முடக்கம் ஒரு மூச்சுவிடும் இடைவெளியாக அமைந்திருக்கலாம். அதே வாரங்களில் வன்முறையாளனான கணவனோடு பூட்டிய வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு அது நேர்மாறாக இருந்திருக்கும். இவர்களின் மதிப்பெண்களைக் கூட்டி வகுத்தால் மாற்றமில்லை என்ற விடை வருவதில் வியப்பில்லை. போதாததற்கு, நோய் என்று அறிவிப்பதற்கான வரம்புக்குச் சற்றுக் கீழே எப்போதும் ஏராளமானோர் இருப்பார்கள் என்பதால், சராசரி மயிரிழை நகர்ந்தாலே வரம்பைத் தாண்டுவோரின் எண்ணிக்கை பெரிதாகக் கூடிவிடும். பி.எம்.ஜே ஆய்வு சராசரியின் நகர்வைச் சொல்ல, லான்செட் ஆய்வு வரம்பைத் தாண்டியோரின் தலைகளை எண்ணியது.

அளக்கும் கருவியிலும் சிக்கல் உண்டு. மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் ‘பி.எச்.க்யூ-9’ என்னும் வினாத்தாள், கடந்த இரண்டு வாரங்களில் தூக்கமின்மை, சோர்வு, பசியின்மை, எதிலும் ஆர்வமின்மை ஆகியவை எத்தனை நாட்கள் இருந்தன என்று கேட்கிறது. நிலையான வருமானமும் நிறைந்த சமையலறையும் உள்ளவரிடம் கேட்கும்போது இக்கேள்விகளின் பொருள் தெளிவாக இருக்கும். உணவுக்கே வழியில்லாதவரிடம் பசி எடுக்கிறதா என்று கேட்டு, வரும் பதிலை மனநோயின் அடையாளமாக எண்ணிக்கொள்வது எவ்வளவு சரி? பல சமூகங்களில் மனத்தின் வலி உடலின் மொழியில்தான் வெளிப்படுகிறது. தமிழிலேயே ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்பவரைவிட ‘நெஞ்சை அடைக்கிறது’, ‘தலை பாரமாக இருக்கிறது’, ‘தூக்கம் பிடிப்பதில்லை’ என்று சொல்பவர்களே அதிகம். அவர்கள் மனநல மருத்துவரிடம் போவதுமில்லை, புள்ளிவிவரத்துக்குள் வருவதுமில்லை.

வினாத்தாள்களை விட்டுவிட்டு இறப்புப் பதிவுகளைப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது யாரும் எதிர்பாராத ஒன்று. பெருந்தொற்றின் தொடக்கத்தில் தற்கொலைகள் பெருகும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. ஆனால் 2021இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியான 21 நாடுகளின் தரவு, 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான காலத்தில் எங்கும் எதிர்பார்ப்பைக் காட்டிலும் தற்கொலைகள் கூடவில்லை என்றும், சில இடங்களில் குறைந்தே இருந்தன என்றும் காட்டியது. பேரிடரின் முதல் கட்டத்தில் மக்கள் நெருங்கி நிற்பதும், அரசுகள் அவசர உதவி வழங்குவதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இங்கும் அந்த 21 நாடுகளும் உயர் வருமானமோ மேல்நடுத்தர வருமானமோ உடையவை என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தத் தணிவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு ஜப்பான்தான் தெளிவான சாட்சி. அங்கே தற்கொலை விவரங்கள் மாதந்தோறும் வெளியாவதால், அலைகளின் ஏற்ற இறக்கத்தை உடனுக்குடன் பார்க்க முடிந்தது. முதல் ஐந்து மாதங்களில், அதாவது 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை, தற்கொலைகள் 14 சதவீதம் குறைந்தன. ஆளுக்கு ஒரு லட்சம் யென் உதவித்தொகை, குறைந்த வேலை நேரம், மூடிய பள்ளிகள் எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்திருந்தன. அடுத்து ஜூலை முதல் அக்டோபர் வரை நிலை தலைகீழானது: மொத்தத்தில் 16 சதவீத உயர்வு, பெண்களிடையே 37 சதவீதம், சிறார்களிடையே 49 சதவீதம். ஆண்டு முடிவில் ஆண்களின் தற்கொலை எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 23 குறைந்திருக்க, பெண்களின் எண்ணிக்கை 935 கூடியிருந்தது. ஜப்பானில் வேலை பார்க்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிரந்தரமற்ற பணிகளில் இருப்பவர்கள். விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் மூடப்பட்டபோது முதலில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்களே. பள்ளி மூடியதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சுமையும் அவர்கள் மீதே விழுந்தது. 2021 பிப்ரவரியில் ஜப்பான் அரசு தனிமைப் பிரச்சினைக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. இந்தப் பெண்களின் துயரத்துக்குத் ‘தனிமை’ என்று பெயர் வைத்ததில் எனக்கு முழு உடன்பாடில்லை. அதில் வேலையிழப்பின் பங்கு பெரிது.

அமெரிக்காவின் கணக்கு வேறு விதமானது. 2020இல் அங்கே தற்கொலைகள் சுமார் 3 சதவீதம் குறைந்தன. அதே ஆண்டில் போதைப்பொருள் மிகையால் நேர்ந்த இறப்புகள் 70,630இலிருந்து 91,799 ஆகப் பாய்ந்தன. சிகிச்சை மையங்களும் குழுக்கூட்டங்களும் மூடப்பட்டதும், தனியாக இருப்பவருக்கு மூச்சடங்கும்போது ஆம்புலன்ஸ் அழைக்க ஆளில்லாததும், ‘ஃபென்டனில்’ என்னும் வீரியமிக்க செயற்கை வலிநீக்கி மருந்தைப் போதைப்பொருள்களில் கலப்பது பெருகியதும் இதற்குப் பின்னால் உள்ளன. ஒரு நாட்டின் மனவேதனை எந்தப் பதிவேட்டில் விழும் என்பதை அந்நாட்டின் சூழலே தீர்மானிக்கிறது. ஒரே ஒரு பதிவேட்டைப் பார்த்து நிம்மதி அடைவது ஏமாற்றத்தில் முடியும்.

இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட முடக்கம் நான்கு மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. ரயிலும் பேருந்தும் நின்றுபோக, நகரங்களில் கூலி வேலை செய்துவந்த லட்சக்கணக்கான புலம்பெயர் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள சொந்த ஊர்களை நோக்கி நடக்கத் தொடங்கினர். அவர்கள் அனுபவித்ததை ‘முடக்கத்தால் வந்த மன அழுத்தம்’ என்று சொன்னால் அது பாதி உண்மைகூட ஆகாது. அவர்களுக்கு அடைந்துகிடக்க ஒரு வீடே வாய்க்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி இந்தியாவில் தற்கொலைகள் 2019இல் 1,39,123 ஆகவும், 2020இல் 1,53,052 ஆகவும், 2021இல் 1,64,033 ஆகவும் இருந்தன. 2021இன் எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 42,004 பேர், தினக்கூலிகள். மாணவர்களிடையே 2019இல் 10,335 ஆக இருந்தது 2020இல் 12,526 ஆனது. இவை காவல்துறை பதிந்த வழக்குகள் மட்டுமே. அவமானத்துக்கு அஞ்சியும் விசாரணைக்கு அஞ்சியும் பல இறப்புகள் வேறு பெயரில் பதிவாவது வழக்கம் என்பதால், உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். முன்சொன்ன 21 நாடுகளின் படத்தோடு இதை ஒப்பிட்டால், முதல் மாதங்களின் தணிவு உலகப் பொதுவானதாக இருக்கவில்லை என்பது விளங்கும்.

எந்த வினாத்தாளிலும் சரியாக அகப்படாத மற்றொன்று துக்கம். இத்தாலி அரசு 2020 மார்ச் தொடக்கத்தில் இறுதிச் சடங்குகளை நிறுத்திவைத்தது. பெர்காமோ நகரின் நாளிதழில் இரங்கல் அறிவிப்புகள் பத்துப் பக்கங்களுக்கு நீண்டன. மார்ச் 18 இரவு ராணுவ வாகனங்கள் வரிசையாகச் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேறு ஊர்களின் எரியூட்டு நிலையங்களுக்குப் புறப்பட்டன, ஏனெனில் நகரத்தின் எரியூட்டு நிலையத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. மருத்துவமனைக்குள் சென்ற தந்தையை மறுபடி பார்க்காமல், சில நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்பையும் சில வாரங்களில் ஓர் அஸ்திக் கலசத்தையும் பெற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு, இறப்பு நிகழ்ந்தது என்பதை மனம் ஒப்புக்கொள்ளும் சடங்கு எதுவும் கிட்டவில்லை. அந்த மார்ச் 18 இப்போது இத்தாலியில் கொரோனாவில் இறந்தோரின் தேசிய நினைவு நாள்.

இலங்கையில் இழப்போடு அரசின் ஆணையும் சேர்ந்துகொண்டது. கொரோனாவால் இறந்தோரின் உடல்கள் கட்டாயம் எரிக்கப்பட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. பாதுகாப்பான முறையில் அடக்கம் செய்யலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தது. ஜனாஸாவை (இறந்தவரின் உடலை) நல்லடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு, உறவினரின் உடல் எரிக்கப்படுவது இறப்பைவிடப் பெரிய காயமாயிற்று. உடலைப் பொறுப்பேற்க மறுத்த குடும்பங்கள் இருந்தன. எதிர்ப்பைக் காட்ட, இறந்தவரின் உடலைப் போர்த்தும் கஃபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணிகளைக் கொழும்பு கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் கட்டினர். 2021 பிப்ரவரி இறுதியில்தான் ஆணை மாற்றப்பட்டது. அதன்பின் நாட்டின் எப்பகுதியில் இறந்தவராயினும் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டார். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இந்தக் கொள்கைக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கல்லறை இல்லாத குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பு எந்த அளவுக்கு ஆறுதல் தந்திருக்கும் என்பதை அளக்க எந்தக் கருவியும் உருவாக்கப்படவில்லை.

இதே பாடத்தை மேற்கு ஆப்பிரிக்கா முன்பே கற்றிருந்தது. 2014இல் எபோலா பரவியபோது லைபீரிய அரசு உடல்களை எரிக்க ஆணையிட்டது. ஆண்டுதோறும் மார்ச் மாதம் உறவினரின் கல்லறைகளைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து அலங்கரிப்பதற்கென்றே தேசிய விடுமுறை விடும் நாடு அது. எரியூட்டலுக்கு அஞ்சி மக்கள் நோயாளிகளை வீட்டில் மறைத்தார்கள்; இரவில் இரகசியமாகப் புதைத்தார்கள்; தொற்று மேலும் பரவியது. சில மாதங்களில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. உலக சுகாதார நிறுவனமும் அவ்வாண்டு நவம்பரில் ‘பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்’ பற்றிய புதிய நெறிமுறையை வெளியிட்டு, குடும்பத்தினரையும் மதத் தலைவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. மனத்தின் காயத்தைப் பொருட்படுத்தாத விதி தொற்றையும் கட்டுப்படுத்தவில்லை என்ற இந்த அனுபவம் ஆறே ஆண்டுகளில் மறக்கப்பட்டது விந்தைதான்.

மருத்துவப் பணியாளர்களின் நிலையைப் பற்றித் தொடக்கத்திலேயே தெளிவான தரவு கிடைத்துவிட்டது. சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2020 மார்ச்சில் வெளியானது. பாதிப்பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 71.5 சதவீதத்தினரிடம் மனத் துயரின் அறிகுறிகளும் இருந்தன. பெண்களும் செவிலியரும் வூஹானில் பணியாற்றியோரும் மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சிறுவர்களைப் பொறுத்தவரை, பள்ளி எத்தனை காலம் மூடியிருந்தது என்பதில் நாடுகளுக்கிடையே உள்ள இடைவெளி மலைக்கவைக்கிறது. உகாண்டாவில் பெரும்பாலான மாணவர்களுக்குப் பள்ளிகள் 2022 ஜனவரி 10 அன்றுதான், ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழித்து, மீண்டும் திறந்தன. அதற்குள் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள், சிறுமிகள் பலர் தாயாகியிருந்தார்கள்.

மன பாதிப்பு முழுவதும் சூழலிலிருந்து வந்ததென்றும் சொல்லிவிட முடியாது. வைரஸுக்கும் அதில் பங்குண்டு. பெரும்பாலும் அமெரிக்கர்களான 2,36,379 நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பரிசீலித்தபோது, தொற்றுக்குப் பின் ஆறு மாதங்களுக்குள் மூவரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு நரம்பியல் அல்லது மனநோய்க் கண்டறிதல் இருந்தது தெரிந்தது. பின்னர் மேலும் பலரின் பதிவுகளை இரண்டாண்டுகள் வரை பார்த்ததில், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் கூடுதல் ஆபத்து இரண்டொரு மாதங்களில் தணிந்துவிட்டது. நினைவும் கவனமும் மங்கும் நிலை உள்ளிட்ட சிலவற்றின் ஆபத்து இரண்டாண்டு முடிவிலும் தணியவில்லை.

தேவை இவ்வாறு கூடிய நேரத்தில் உதவி சுருங்கியது. 2020இன் நடுவில் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளிடம் விசாரித்தபோது, 93 சதவீத நாடுகளில் மனநலச் சேவைகளில் ஏதேனும் ஒன்றாவது தடைபட்டிருந்தது. அரசுகள் தம் சுகாதாரச் செலவில் மனநலத்துக்கு ஒதுக்குவது சராசரியாக 2 சதவீதம். ஒரு லட்சம் பேருக்கு இருக்கும் மனநலப் பணியாளர்கள் செல்வ நாடுகளில் 60க்கும் மேல், மிக ஏழை நாடுகளில் இரண்டுக்கும் கீழ். இந்தியாவில் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்படுவோரில் 70 முதல் 92 சதவீதத்தினர் அது கிடைக்காதவர்கள். பெருந்தொற்று அந்த நிலையின் மேல்தான் வந்து விழுந்தது. ‘டெலி மானஸ்’ என்ற 14416 எண்ணுள்ள தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10இல் தொடங்கியபோது பெரிய அலைகள் கடந்துபோயிருந்தன.

சிம்பாப்வேயில் மாற்று வழி ஒன்று முன்பே இருந்தது. அங்கே ஷோனா மொழியில் மன வேதனையைக் ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள். அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருத்தல் என்று பொருள். மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா 2006இல் ஹராரேயில் தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டத்தில், பயிற்சி பெற்ற முதிய பெண்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடி இருக்கையில் அமர்ந்து, வருபவரின் சிக்கல்களைக் கேட்டு, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து தீர்க்கும் வழியை அவரோடு சேர்ந்து தேடுவார்கள். நோயாளியிடம் கேட்கும் 14 கேள்விகள்கூட ஷோனா மக்கள் தம் துயரைச் சொல்லும் சொற்களிலிருந்து உருவாக்கப்பட்டவை. 2016இல் வெளியான சோதனை முடிவுகளின்படி, ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வு அறிகுறிகள் எஞ்சியிருந்தோர் இந்த இருக்கைக்கு வந்தவர்களில் 13.7 சதவீதம், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 49.9 சதவீதம். 2020இல் முடக்கம் வந்தபோது பாட்டிமார்கள் இருக்கையை விட்டுத் தொலைபேசிக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறி, அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 204 நாடுகளின் கணக்கில் சிம்பாப்வேக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் பாட்டிமார்கள் எழுதிவைத்த விடைகளிலிருந்து வரவில்லை, தொற்று வேகமும் நடமாட்டக் குறைவும் கொண்டு கணக்கிடப்பட்டது.